உப்பு மடுவத்துச் சாப்பாடு

கடை பூட்டுகிற நேரத்தில் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாபத் கறியைப் பிட்டால் துடைத்துச் சாப்பிடுவது இஸ்ஹாக்கின் வழக்கம். கல்யாணம் முடித்த பதினொரு வருடத்தில், காய்ச்சல் கண்ட நாட்களில்கூட அவன் அதை விட்டதில்லை. அன்றிரவு அக்கீலா சட்டியை அவன் முன்னால் நகர்த்தி வைத்தபோது அவன் அதைப் பார்க்கவே இல்லை.

“எனக்கு வேணாம் புள்ள. வயிறு நிறைஞ்சிரிக்கி.”

“எங்க சாப்பிட்டீங்க?”

“சும்மா, வெளிய.”

குழாயடியில் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். கழுவிய தண்ணீர் சீமெந்துத் தரையில் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் தடம் விழுந்திருந்தது. அக்கீலா காலால் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது. அதைவிட அவளைக் குடைந்தது அந்த ‘வெளிய’ என்ற சொல்தான். வெங்காயமா, நெய்யா, எந்த வீட்டு மசாலா என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று விடியும்வரை அவன் வாயருகே மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு வாசமும் பிடிபடவில்லை. தண்ணீர் வற்றிய நாளில் களப்புக் கரையில் கிளம்பும் குளிர்ந்த சேற்று வாடை மட்டும் அவன் மூச்சோடு வந்து வந்து போனது.

புத்தளத்தில் ராச்சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஊர்க்காரர்களுக்கு வேறு இடங்கள் தெரியும். றொபியின் சலூனில் இரவு எட்டு மணிக்குமேல் முடிவெட்டுகிற கதிரைகளில் உட்கார்ந்து, கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்த்தபடி எலும்பு சூப் குடிக்கலாம். ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் முதுகுதான் மேசை. அங்கே இறால் வடை சுடச்சுட வரும். எல்லாவற்றுக்கும் மேலே இஸ்ஹாக்கின் டயர் கடை. பகல் முழுவதும் அவன் டியூபுக்கு ஒட்டுப் போடுவான். மஃரிப் தொழுகை முடிந்ததும் அக்கீலா அடுப்பை மூட்டுவாள். ஆட்கள் லொறி டயர்களை இரண்டிரண்டாக அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து, ரப்பர் வாடையும் கறுவா வாசமும் கலந்த காற்றில், மாட்டுக் குடலைப் பஞ்சுபோல அவித்து வைத்த அவளுடைய பாபத் கறியைப் பிட்டோடு பிசைந்து சாப்பிடுவார்கள். கல்பிட்டிக்குப் போகிற கொழும்புக் கார்களும் அங்கே நிற்கும். டயர்மேல் தட்டை வைத்துப் படம் பிடித்த பிறகுதான் வாயில் வைப்பார்கள்.

அக்கீலாவுக்கு ஒரு குணம் இருந்தது. வேறொரு கையை யாராவது மெச்சினால் தொண்டையில் முள் மாட்டியது போலாகிவிடும். றொபியின் சூப்பை ஒரு டிரைவர் புகழ்ந்த இரவு, தன் கறியில் மிளகைக் கூட்டினாள். சொந்தத் தங்கை பளீலாவின் வட்டிலப்பத்தில் இஸ்ஹாக் இரண்டாவது துண்டு கேட்டதற்காக மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை.

இஸ்ஹாக் சட்டியைத் தொடாத அந்த இரவுக்கு அடுத்த வாரமே கடையில் பிட்டு மீந்தது. அதற்கடுத்த வாரம் பாதிச் சட்டி கறி மீந்தது. கார்கள் வேகத்தைக் குறைக்காமல் கடந்து போயின. வழக்கமாக வருகிறவர்கள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தாமல், முகத்தையும் திருப்பாமல், உப்பளம் இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலாபத்திலிருந்து மீன் ஏற்றிய ஐஸ் லொறி ஓட்டிவரும் நிக்கொலஸ் மட்டும் ஒரு நாள் இறங்கினார். இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்கும் இலேசாகக் கண்ணைக் காட்டுகிற மனிதர். அன்று உட்காரவும் இல்லை.

“இஸ்ஹாக், போவமா?”

“எங்க போறீங்க, நிக்கொலஸ் அண்ணன்?” அக்கீலா அகப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“உப்பு மூட்டை அடுக்கின அந்தப் பழைய மடுவத்துக்கு, தங்கச்சி. அங்க ஒரு பொம்புள சாப்பாடு போடுறா.”

“அந்த மடுவம் ஆளும் இல்லாமல்லோ கிடக்குது. என்ன கறி அங்க?”

நிக்கொலஸ் வாயைத் திறந்தார். யோசித்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“அதச் சொல்லத் தெரியல்ல தங்கச்சி. அந்தக் கை...” என்று சொல்லி நிறுத்தினார்.

அவருடைய உதடு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. சேட்டுக்கொலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அக்கீலா அதையெல்லாம் கண்டாள்; ஆனால் மனதில் பதிந்தது ‘அந்தக் கை’ மட்டும்தான். பதினொரு வருடத்தில் தன் கையைப் பற்றி யாரும் அப்படிக் கண் கலங்கிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் சமைத்தது சமையலே இல்லை, சண்டை. தேங்காயை இரண்டு தரம் பிழிந்தாள். ரம்பை இலையையும் கறுவாவையும் புதிதாக வாங்கினாள். நடுச்சாமம்வரை நெருப்பைக் குறைத்து வைத்துக் குடலை அவித்தாள். இஸ்ஹாக் சட்டியைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டினான். இடுப்புப் பட்டியில் டயர் தைக்கிற ஊசியால் அவன் குத்தியிருந்த புதிய துளைகளை அவள் எண்ணினாள். நான்கு.

ஒருநாள் றொபியிடம் போய் விசாரிக்கலாம் என்று புறப்பட்டாள். சலூன் பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக் கதவுக்குள் சூப் பானை தூசு படிந்து கவிழ்ந்திருந்தது. முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. றொபியின் ஆட்களும் போய்விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், றொபியும் எங்கே போயிருப்பான் என்ற எண்ணம் வந்தது.

அன்று இரவு இஸ்ஹாக் படுக்கையில் விழுந்தபோது கேட்டுவிட்டாள்.

“அவ வடிவா?”

“யாரு?”

“தெரியாத மாதிரிக் கேக்காதீங்க மச்சான். உங்களுக்குச் சாப்பாடு போடுறவ.”

இருட்டில் அவன் உதட்டை நாக்கால் தடவுகிற சத்தம் கேட்டது.

“முகம் பார்க்கல்ல.”

“அப்ப எதத்தான் பார்த்தீங்க?”

“சாப்பிட்டன் புள்ள,” என்றான். கல்யாணம் முடித்த முதல் மாதத்தில் அக்கீலாவின் பெயரைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த குழைவு அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அந்தக் குழைவை அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் இரவு அவன் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவனுடைய பழைய சைக்கிளில் ஏறினாள்.

கடைசித் தெருவிளக்கு முடிந்ததும் உப்பளம் தொடங்கியது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீரில் நிலவு துண்டு துண்டாகக் கிடந்தது. கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள் குந்தியிருக்கிற ஆட்களைப் போல வரிசையாக இருந்தன. களப்புப் பக்கமிருந்து வந்த காற்று வாயைத் திறந்தால் நாக்கில் கரித்தது. வழியில் கழுதைகள் நின்றன. ஊரில் எந்தச் சந்தியிலும் படுத்துக் கிடக்கும் அதே கழுதைகள்தான். இங்கே அவை பத்துப் பன்னிரண்டு ஒன்றோடொன்று ஒட்டி, மடுவம் இருந்த திசைக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மணியை அடித்தாள். ஒன்றுகூட அசையவில்லை. சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு நடந்தாள்.

மடுவத்தின் முன்னால் வாகனங்கள் நெருக்கமாக நின்றன. ஓட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள், நிக்கொலஸின் ஐஸ் லொறி. கொழும்புக் கார் ஒன்றின் கதவு திறந்தபடி, உள்ளே விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் லொறியின் அடியில் சொட்டுகிற தண்ணீர் நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. பின்பெட்டியிலிருந்து அழுகிய மீனின் நாற்றம் வந்தது.

அக்கீலா நின்றாள். சமையல்காரிக்கு மூக்குத்தான் முதலில் போய்ப் பார்க்கும். இத்தனை பேர் சாப்பிடுகிற இடத்தில் புகை இல்லை. வெங்காயம் தாளித்த வாசம் இல்லை. எண்ணெய் இல்லை. அடுப்பே இல்லை. பேச்சுக் குரலும் இல்லை. ஒரே ஒரு சத்தம் மட்டும் சுவர்களுக்குப் பின்னாலிருந்து விடாமல் வந்தது. சரளைக் கல்மேல் டயர் மெல்ல உருளுகிற மாதிரி. நறநறவென்று. நிறுத்தாமல்.

திரும்பிப் போ என்று உடம்பு சொன்னது. என்ன சமைக்கிறாள் என்று பார்க்காமல் போவதா என்று மனம் சொன்னது. கிடுகுத் தட்டியை விலக்கினாள்.

ஒரு லாம்பு. அதன் வெளிச்சத்தில் சாக்குகளின்மேல் வரிசையாக மனிதர்கள். ஐம்பது பேர் இருக்கலாம். எல்லோரும் குனிந்திருந்தார்கள். எல்லோர் கையும் தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. முதல் வரிசையில் நிக்கொலஸ். அவருக்குப் பக்கத்தில் றொபி. அவர்கள் நாடியிலிருந்து நெஞ்சுவரை கறுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

தட்டுகளில் இருந்தது உப்பு. குவியலின் அடியில் சேறோடு சேர்ந்து கிடக்கும் கழிவு உப்பு, பெரிய பெரிய பரலாக, சாம்பல் நிறத்தில்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. “இதுவா?” என்றுதான் தோன்றியது. அந்தக் கறியை விட்டு, அந்தப் பிட்டை விட்டு, இதற்கா வந்தான்? வரிசைகளுக்கு நடுவே நடந்து, மூன்றாவது வரிசையில் இஸ்ஹாக்கைக் கண்டுபிடித்தாள். கையைப் பிடித்து இழுத்தாள்.

“எழும்புங்க மச்சான். வீட்ட போவம்.”

இஸ்ஹாக் நிமிர்ந்து பார்த்தான். அவளை அடையாளம் தெரிந்தது. அது கண்ணில் தெரிந்தது. தெரிந்ததும் அவன் செய்த வேலை, மறுகையை வளைத்துத் தட்டைச் சுற்றி அணை கட்டியதுதான். கேட்டுவிடுவாள் என்று பயந்தவனைப் போல. பிறகு தலையைத் தாழ்த்தித் தட்டைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அறிவாள். ஒரு காலத்தில் அது தனக்கு உரியதாக இருந்தது.

“அப்படி என்னதான் இரிக்கி அதில?”

அவன் இன்னொரு பிடியை அள்ளி வாயில் போட்டான். பக்கத்தில் யாரோ வந்து நிற்கிற குளிர் மட்டும் தெரிந்தது.

அக்கீலா நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. தரையைத் தொடுகிற கறுப்புத் துணியின் ஓரம் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை கீழே இறங்கியது. நெடுநாள் தண்ணீரில் ஊறிய கை. வெள்ளை வெளேரென்று. விரல் நுனிகள் சுருங்கி, நகங்கள் இல்லாமல். அது ஒரு தட்டை அவள் முன்னால் வைத்தது. நிறைய வைத்தது. பிறகு நகர்ந்து போனது. காலடிச் சத்தம் இல்லை.

ஓடவேண்டும். வாசல் பத்து எட்டுத்தான். தட்டியின் கயிறு காற்றில் ஆடுவது தெரிந்தது.

ஒரு சிட்டிகை மட்டும். என்ன குறைகிறது, என்ன கூடுதல் என்று தெரிந்தால் போதும். தெரிந்தால் வீட்டில் இதைவிட நன்றாகச் செய்துவிடலாம்.

விரல் நுனியால் எடுத்து நாக்கில் வைத்தாள்.

முதலில் எரிந்தது. பிறகு எரியவில்லை. அது அவளுடைய கறி. என்றைக்கோ ஒரு நாள், எப்படி என்று அவளுக்கே தெரியாமல், கைக்கு வந்து அமைந்து, பிறகு எத்தனை முயன்றும் திரும்ப அமையாத அந்த ருசி. அதைவிட ஒரு படி மேல். ஒரே ஒரு படி. அந்த ஒரு படி எது?

இன்னொரு சிட்டிகை.

ரம்பை இல்லை. கறுவா இல்லை. வேறு ஏதோ.

ஒரு பிடி.

எப்போது சாக்கின்மேல் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. லாம்பு அணைந்திருந்தது. தட்டியின் இடுக்கில் வெளிச்சம் வந்து, போய், மறுபடியும் வந்தது. வெளியே எங்கோ பாங்கு சொன்னார்கள். ஒரு தடவையா, பல தடவையா. நிறைவேற்ற வேண்டிய ஏதோ ஒன்று ஞாபகம் வந்து மறைந்தது. நறநறவென்ற சத்தம் இப்போது தலைக்குள் இருந்தது.

வாயில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். பல். கறியில் கிடக்கும் ஏலக்காயை ஒதுக்குவது போலத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தன.

தட்டு முடிந்திருந்தது. பக்கத்தில் பார்த்தாள். இஸ்ஹாக்கின் தட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

அவனுக்கு மட்டும் அந்தக் கை எப்படிக் கூட வைத்தது?

இஸ்ஹாக் தலையைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். கை தட்டைச் சுற்றி வளைந்தபடியே இருந்தது. அவன் கண்கள் திறந்திருந்தன. இமைகளில் உப்புப் பூத்திருந்தது. அக்கீலா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரிச் சத்தம் வந்தது. கையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வேறு யாரும் கேட்டுவிடாதபடி அதைச் சுற்றித் தன் கையை வளைத்துக்கொண்டு, குனிந்தாள்.