தோஃபுவின் சட்டை

சுவரைப் பார்த்துப் படுத்தபடி தோஃபு அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

கிகுயோ செம்பருத்திக் கொத்தை அதன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். வேலியில் கிளை ஒடியும் சத்தத்துக்கே கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தி ஊரைக் கூட்டிவிடும் ஆடு அது. இப்போது இலை மூக்கில் உரசியும் திரும்பவில்லை. யாரோ காதைப் பிடித்து மெல்ல இழுத்து வைத்திருப்பதுபோலத் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தாடை மட்டும் தன்பாட்டுக்கு வெறுமையை அரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளை மயிர் வியர்வையில் பிசுபிசுத்து, ஈரக் கோணியும் புளித்த புல்லும் கலந்த ஒரு வாடை அறை முழுக்க நின்றது.

இரண்டு நாளைக்கு முன் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் அதை ஓட்டி வரும்போது ஒன்றுமில்லாத இடத்தில் திடுக்கிட்டது. பின்வாங்கிப் பின்வாங்கி, பாதையோரச் சிமெண்டுக் கால்வாய்க்குள் விழுந்தது. தூக்கிவிட்டாள். பின்னங்கால்களை இழுத்து இழுத்து வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் எழவில்லை.

பெரிய தீவிலிருந்த மாட்டு டாக்டரம்மா போனில்தான் பேசினாள். புயல் வருவதால் படகு நின்றுபோகும் நேரம் அது.

"மாட்டைக் கடிச்ச கொசு ஆட்டைக் கடிச்சா வர்றதும்மா இது. புழு முதுகுத்தண்டுக்குள்ள போயிடும். தலை சாயுதுன்னா மூளைக்கும் போயிருக்கும். அந்த விழுந்தது, திடுக்கிட்டது எல்லாமே இதனாலதான். கடைசிப் படகுல ஊசி அனுப்புறேன், தோலைத் தூக்கிப் பிடிச்சுப் போடுங்க. ஒரே பக்கமா படுக்க விடாதீங்க. புரட்டிப் போட்டுக்கிட்டே இருங்க, காலை நீவி விடுங்க."

"எந்திரிச்சிருமா டாக்டர்?"

"மருந்து பிடிச்சா எந்திரிக்கும். ஆனா தண்ணி முழுங்குறதை நிறுத்திடுச்சுன்னா... அதுக்கப்புறம் இழுத்தடிக்க வேண்டாம்மா."

ஊசி மருந்தைக் கொண்டுவந்தது கடைக்காரக் கோஜி. வந்த கையோடு சன்னல்களுக்குப் புயல் பலகை அடித்துக் கொடுத்தான். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே ஆட்டை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, தோஃபு சூப்புல விழுற நேரம் வந்துடுச்சு போல?"

"உன் நாக்கை அறுத்துப் போட்டா சூப்பு இன்னும் ருசியா இருக்கும்டா."

கோஜி சிரித்து, பலகையை அறைந்தான். ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்குள் ஒரு கோடு வெளிச்சம் குறைந்தது. கடைசிப் பலகைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எங்கம்மா கேக்கச் சொன்னாங்க. சேய்சோ அண்ணனை இன்னும் அந்தக் கால்வாயிலயே விட்டு வச்சிருக்கீங்களாம். மூணு வருசமாச்சு."

"கெடக்கட்டும். கல்லறைக்குப் போயி என்ன வேலை பாக்கப்போறாரு?"

"வெளையாட்டு இல்லக்கா. வெளிய செத்தவங்களைக் கூட்டிட்டுப் போயி சேக்கலைன்னா அவங்க அங்கேயே நிப்பாங்க. தெரியாதா உங்களுக்கு?"

"நிக்கட்டும். நல்ல காத்தோட்டமான எடம்."

அவளுக்குத் தெரியும். வெளியில் விழுந்து இறந்தவரை, அந்த இடத்துக்கே போய் அழைத்துக் கொண்டுபோய்க் கல்லறையில் விடவேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். புதுவீட்டு விருந்தில் குடித்துவிட்டு வந்த அவள் கணவர் சேய்சோ அந்தக் கால்வாயில் விழுந்து கிடந்த காலையிலிருந்துதான் இந்த வீட்டில் அமைதி வந்தது. முத்துச்சிப்பிக்கு மூழ்கி மூழ்கி இடக்காது செத்தவர் அவர். வலக்காதை நீட்டி, தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிண்ணம் காலியானால் பேச மாட்டார். கவிழ்த்துப் பிடித்துக் குட்டை மேசையில் தட்டுவார். டொக் டொக். சற்று விட்டு, டொக். அந்தக் கடைசித் தட்டுக்குள் அவள் அரிசிச் சாராயத்தோடு வந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் கிண்ணம் பறக்கும்.

தோஃபுவைக் குட்டியாக வாங்கி வந்தவரும் அவர்தான், சூப்புக்கு. கிகுயோ அதைக் கோழிக்கூட்டின் பின்னால் மறைத்து வைத்தாள். ஓடிவிட்டது என்று சொல்லி அதற்கும் அடி வாங்கிக்கொண்டாள். அவர் போனபின் ஆடு வீட்டுக்குள் வந்தது. வெறும் பாயில் படுக்காது என்று கைக்குக் கிடைத்த ஒரு பழைய கட்டம்போட்ட சட்டையை விரித்துவிட்டாள். அன்றிலிருந்து அதன்மேல்தான் படுக்கை. வேறு துணி போட்டால் முட்டித் தள்ளும். தோஃபுவின் சட்டை என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. அவளோடு பேசுவதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. தோஃபு பதில் சொல்லும். அதுவும் கீச்சுக் குரலில், சண்டைக்கு நிற்பதுபோல.

புயல் மறுநாள் வந்தது.

பகல்தான். ஆனால் பலகை அடித்த வீட்டில் பகல் இல்லை. மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தியின் சுடர் காற்றே இல்லாத அறையில் ஏதோ ஒன்றுக்கு அஞ்சுவதுபோல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. வெளியே வேலி மரங்கள் கடல்போல் இரைந்தன. கடல் வேறு எதுபோலவோ இரைந்தது. கூரை ஓடுகள் பல்லைக் கடிப்பதுபோல் ஒன்றோடொன்று உரசின. பலகை இடுக்குகளில் உப்பு வாடையும் பிய்ந்த பச்சிலை வாடையும் கசிந்தன. கிகுயோ ஊசி போட்டாள். கால்களை நீவினாள். இடப்பக்கமிருந்து வலப்பக்கம் புரட்டினாள், வலப்பக்கமிருந்து இடப்பக்கம். உட்கார்ந்தாள், எழுந்தாள், சுடரைத் திருத்தினாள், பலகையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி ஆட்டிடம் வந்து கரண்டியால் தண்ணீர் கொடுத்தாள்.

தண்ணீர் வாயோரமாக வழிந்து சட்டையில் விழுந்தது.

மறுபடி கொடுத்தாள். தொண்டையை நீவினாள். "முழுங்குடி கண்ணு. ஒரு வாய். ஒரே ஒரு வாய்." வழிந்தது. தோஃபுவின் கண்கள் சுவரில் இருந்தன. அதற்குள்ளே யாரும் இல்லை என்று கிகுயோவுக்குத் தோன்றியது. வீடு இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஆள் இல்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. புழு என்றாள் டாக்டரம்மா. இருக்கட்டும். ஆனால் அது திடுக்கிட்டு விழுந்ததே?

பயத்தில் உயிர் நழுவிக் கீழே விழுந்துவிடும் என்பது அந்தத் தீவில் குழந்தைக்கும் தெரிந்தது. விழுந்த இடத்துக்குப் போகவேண்டும். உயிர் நழுவியவர் உடுத்திய துணியை விரித்து, பெயர் சொல்லி அழைத்து, உள்ளங்கையால் அள்ளி அதில் முடிந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து போர்த்தவேண்டும். துணி துவைக்காததாக இருக்கவேண்டும். நழுவின உயிருக்குப் பெயர் அரைகுறையாகத்தான் கேட்கும், வாசனைதான் நன்றாகத் தெரியும் என்று அவள் அம்மா சொல்வதுண்டு. மரத்திலிருந்து விழுந்த பிள்ளைகளுக்குச் செய்வார்கள். ஆட்டுக்கு யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

திடீரென்று காற்று நின்றது.

புயலின் கண். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபக்கக் காற்று வந்துவிடும். கிகுயோ யோசிக்கவில்லை. ஆட்டின் அடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு, ஒரு பிடி அரிசியும் உப்பும் எடுத்துக்கொண்டு பின்கதவின் தாழைத் தள்ளினாள்.

வெளியே வானத்தில் ஒரு வட்டம் மட்டும் மஞ்சளாகத் திறந்திருந்தது. கரும்பு முழுக்கப் படுத்திருந்தது. ஒரு பூச்சி இல்லை, பறவை இல்லை. கால்வாயில் பழுப்பு நீர் விளிம்பைத் தொட்டு ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் ஓடாமல் தேங்கி, மெல்லச் சுழன்றது. அங்கேதான் தோஃபு விழுந்தது. கிகுயோ சட்டையை விரித்தாள், அரிசியைத் தூவினாள், குந்தி உட்கார்ந்து அழைத்தாள்.

"வா, வா. பயப்படாதே. வீட்டுக்கு வா. உன் துணி இங்க இருக்கு, வா."

பெயரையும் சொன்னாள். அந்த அமைதியில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. நீரின் மேலிருந்து உள்ளங்கையால் அள்ளி அள்ளிச் சட்டைக்குள் விட்டாள். கைகளில் குளிர்ச்சி ஏறியது. முடிந்துகொண்டு எழுந்தாள்.

கனத்தது.

ஈரம்தான், என்று சொல்லிக்கொண்டாள். நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடியது. தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்குவதுபோல முதலில், பிறகு பெரிய ஆளைத் தாங்கி நடத்திக் கூட்டிவருவதுபோல. பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கால்வாய்ப் பக்கம் ஓர் ஆடு கத்தியது. கீச்சென்று, சண்டைக்கு நிற்பதுபோல. யாருடைய ஆடோ அவிழ்ந்து ஓடியிருக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து தாழிட்டதும் மறுபக்கக் காற்று வந்து மோதியது. முன்னங்கால்களைச் சட்டைக் கைகளில் நுழைத்து, வயிற்றின் கீழே பொத்தான் போட்டு, அதை ஆட்டுக்கு உடுத்திவிட்டாள். கரண்டியை நீட்டினாள்.

தோஃபு முழுங்கியது.

இன்னொரு கரண்டி. முழுங்கியது. கிகுயோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எங்கண்ணு! கோஜிப் பய வரட்டும், அவன் மூஞ்சியில முட்டு!" அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆடு முன்னங்கால்களை ஊன்றியது. பின்பக்கம் நடுங்கியது. உயர்ந்தது. நின்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் ஏறி உத்தரத்தில் மடங்கியது.

கிகுயோ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூக்கைச் சட்டைக் காலரில் புதைத்தாள்.

ஆட்டு வாடை இல்லை.

மூன்று வருடமாக ஆடு படுத்த துணி. அதில் தலைக்குப் பூசும் எண்ணெயும், சிப்பியும், நேற்றுக் குடித்த சாராயமும் மணத்தன.

கைகளை மெல்ல எடுத்துக்கொண்டாள். அந்தச் சட்டை யாருடையது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கால்வாயில் யார் நின்றுகொண்டிருந்தார் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. தீவில் இருப்பதே அந்த ஒரு கால்வாய்தான். பார்வை மட்டும் ஆட்டின் தலைக்குப் போயிற்று.

சாய்ந்துதான் இருந்தது. ஆனால் வலப்பக்கம்.

"தோஃபு," என்றாள். "தோஃபு?"

அது வலக்காதை அவள் பக்கம் நீட்டியது. கேட்டது. பிறகு குட்டை மேசையை நோக்கி நடந்தது. அவசரமில்லாமல். மேசையின் அந்தப் பக்கம், சுவரில் முதுகு படும்படியாக, அவர் எப்போதும் உட்காரும் இடத்தில், பின்கால்களை மடித்து உட்கார்ந்தது.

காற்று கூரையைப் பிறாண்டியது. கிகுயோ நகரவில்லை.

பின்கதவில் ஒரு சுரண்டல்.

கீழ் மூலையில். மரம் தேய்ந்து வெளுத்த அதே மூலையில். தினமும் சாயங்காலம் உள்ளே வருவதற்குத் தோஃபு குளம்பால் சுரண்டும் இடம் அது. பிறகு அந்தக் குரல். புயலுக்குள், கதவுக்கு மிக அருகில். கீச்சென்று. இந்த முறை சண்டைக்கு நிற்கவில்லை. கெஞ்சியது.

கிகுயோ கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

டொக் டொக்.

நின்றாள். மேசைமேல் குளம்பு. சட்டைக் கையிலிருந்து நீண்டிருந்தது. சுடர் சாய்ந்தது. நிமிர்ந்தது.

வெளியே கத்தல். சுரண்டல். தாழ்ப்பாள் இரண்டு அடி தூரத்தில். கையை நீட்டினால் போதும்.

மேசையில் அந்தக் குளம்பு இன்னும் தூக்கியபடி இருந்தது. காத்திருந்தது.

அவள் கால்கள் திரும்பின. அவளைக் கேட்காமலே. அலமாரியின் மேல்தட்டு. பழைய தாளில் சுற்றிய கிண்ணம். சாராய ஜாடி. மூன்றாவது தட்டு விழுவதற்குள் ஊற்றினாள். கொஞ்சம் பாயில் சிந்தியது. அது குனிந்து குடித்தது. தொண்டை ஏறி இறங்கியது. நன்றாக முழுங்கியது.

பின்கதவில் சுரண்டல் நின்றது. கத்தல் நகர்ந்தது. சமையலறைப் பக்கம். பிறகு கிணற்றடிப் பக்கம். வெளியே தோஃபு ஒவ்வொரு பலகையாக முட்டிக்கொண்டு, வழி தேடி, வீட்டைச் சுற்றி வந்தது. உள்ளே, அது, செத்த காதை அந்தச் சத்தத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, காலிக் கிண்ணத்தைக் குளம்பால் மெல்ல அவள் பக்கம் தள்ளியது.