மே லின்னின் ஜேட் வளையல்

பகல் 12:40. விருந்தில் முழு மீன் மேசைக்கு வந்த நேரம், மணப்பெண் மே லின்னின் கையில் வளையல் இல்லாததை மாமியார் பார்த்துவிட்டார்.

பரம்பரை ஜேட் கல் வளையல் அது. காலையில் அவரே எண்ணெய் தடவி, மருமகள் கண்கலங்கும்வரை அழுத்தி ஏற்றியது.

"உடை மாத்துறப்போ கழட்டி மேசையில வெச்சேன். குளியலறைக்குப் போயிட்டு வந்தா காணோம்," என்றாள் மே லின்.

அந்நேரம் உடை மாற்றும் அறைக்குள் மணப்பெண்ணின் செருப்பை வைத்துவிட்டு வந்தவள் பவானி ஒருத்திதான். கப்பல் அலுவலகத்தில் மே லின்னுக்குப் பக்கத்து நாற்காலி. பர்மாவின் யாங்கோன் நகரச் சீனர் நிறைந்த அந்த மண்டபத்தில் ஒரே தமிழச்சி. தலையில் மல்லிகையோடு வந்து, வெள்ளை துக்க நிறமாயிற்றே என்று காலையிலேயே மாமியாரிடம் கெட்ட பேர் வாங்கியிருந்தாள். இப்போது திருட்டுப் பட்டமும் சேர்ந்தது.

மாமியார் அவள் கைப்பையைக் கொட்டினார். போன், சீப்பு, விபூதிப் பொட்டலம். வளையல் இல்லை. முதல் மேசையில் அலுவலக மேலாளர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வேலை போய்விடும் என்று பவானி பயந்தாள்.

"போலீஸைக் கூப்பிடுங்க," என்றார் மாமியார்.

"கூப்பிடுங்க ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி அறையைப் பார்த்துடலாம்," என்றாள் பவானி.

12:55. அறையில் எண்ணெய் இல்லை. குளியலறைச் சோப்பு உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. மே லின்னின் மணிக்கட்டில், புது உடைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு கைக்குட்டை.

"எதைத் தடவிக் கழட்டினே?" என்று கேட்டாள் பவானி.

"ஒண்ணுமில்ல. இழுத்தேன், வந்துருச்சு."

மாமியார் முகம் சுருங்கியது.

"வராது," என்றாள் பவானி. "எண்ணெய் போட்டு ஏத்தினது வெறுங்கையில இறங்காது. உடைஞ்சாதான் கையை விட்டுப் போகும். கைக்குட்டையை அவிழு."

உள்ளே புதிய கீறல்.

"குளியலறையில வழுக்குச்சு," என்று அழுதாள் மே லின். "கல்யாணத்தன்னிக்கே உடைஞ்சா அபசகுனம்னு..." உடை வைக்கும் பையின் அடியிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்தாள்.

மாமியார் துண்டுகளைத் தடவிப் பார்த்தார். "அசடு. உனக்கு வர இருந்த கெட்டதைக் கல் வாங்கிக்கிட்டு உடைஞ்சிருக்கு. இதையா மறைச்சே?"

பிறகு மருமகளை மண்டபத்துக்கு இழுத்துவந்தார். மேலாளர் உட்பட எல்லோரும் கேட்க நடந்ததைச் சொன்னார். மே லின் சீன வழக்கப்படி இரு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்டி, பவானியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பயந்தே, சரி," என்றாள் பவானி தாழ்ந்த குரலில். "அவங்க என் பையைக் கொட்டினப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

பவானி கோப்பையை வாங்கிக்கொண்டாள். குடிக்க மனம் வரவில்லை.