யோகத்தின் குரல் காணவில்லை

கீபோர்டின் பின்பக்கம் பென் டிரைவ் செருகியிருந்த இடம் காலியாக இருந்தது. இராஜசிங்கம் விரலால் துழாவினார். மண்டியிட்டு மேடைத் துணிக்கடியில் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"யோகத்தக் காணோம்," என்றார்.

மேடையருகே நின்ற அஃப்னா திரும்பிப் பார்த்தாள். மணப்பெண் ரோஷினியின் பள்ளித் தோழி அவள். போலீஸில் புலனாய்வு அதிகாரி. இன்று விடுமுறை.

"யார் அங்கிள் யோகம்?"

"என் மிஸஸ். போய்ச் சேந்துட்டா. அவ பாடின பாட்டெல்லாம் அந்தப் பென் டிரைவுலதான் இருக்கு."

ஞாயிறு நண்பகல். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய மண்டபத்தில் கல்யாண விருந்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கச்சேரி தொடங்க அரை மணி நேரம் இருந்தது. இராஜசிங்கத்தின் கச்சேரி எப்படி நடக்கும் என்பது ஊரறிந்தது. அவர் வாசிப்பார், யோகத்தின் பதிவு செய்த குரல் பாடும், மகள் வினுஷா பக்கத்தில் நின்று கூடச் சேர்ந்து பாடுவாள்.

"வேற என்ன இருந்துச்சு அதுல?" அஃப்னா கேட்டாள்.

"எல்லாமே. பைலா, கும்மி, நையாண்டி மேளம்னு நானே உக்காந்து செஞ்ச ரிதம் எல்லாம். கீபோர்டுல கம்பெனி போட்டுக் குடுத்த தாளம் மட்டும்தான் இருக்கு. அதுல நம்ம ஆளுங்களுக்கு என்ன வாசிக்கிறது?"

வினுஷா தந்தையின் தோளைத் தொட்டாள். "பதட்டப்படாதீங்கப்பா. பைலாவுல ஆரம்பிங்க. எல்லாரும் ஆட எழுந்துருவாங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அஃப்னா வேலையைத் தொடங்கினாள். ஒலிச் சோதனை முடிந்து இராஜசிங்கம் சட்டை மாற்றப் போயிருந்தார். அந்த இடைவெளியில்தான் பென் டிரைவ் காணாமல் போயிருக்க வேண்டும்.

ஒலியமைப்பாளர் ரஞ்சன் எரிச்சலோடு பேசினார். "நான் கீழ லாரிக்குக் கேபிள் எடுக்கப் போனேன் லா. ஏறி வந்தா அண்ணன் தரையில தேடிட்டு இருக்கார்."

"மேடையில யார் இருந்தா?"

"வினுஷா மைக் ஸ்டாண்ட சரி பண்ணிட்டு இருந்துச்சு. அப்புறம் கேசவன் அங்கதான் சுத்திட்டு இருந்தாரு."

கேசவனும் கீபோர்டு கலைஞர். தோ பாயோவில் இருப்பவர். இந்தக் கல்யாணத்துக்கு முதலில் பேசப்பட்டது அவரைத்தான். பிறகு மணமகன் வீட்டார் இராஜசிங்கத்துக்கு மாறிவிட்டார்கள். விருந்தினராக வந்திருந்தார்.

"கீபோர்டத் தொட்டீங்களா?" அஃப்னா அவரிடம் கேட்டாள்.

"தொட்டேன். புது மாடல், ஆசையா இருந்துச்சு. அதுக்காக நான் எடுத்தேன்னு அர்த்தமா?"

"பென் டிரைவ் அப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுல லைட்டு கண் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு." கேசவன் குரலைத் தாழ்த்தினார். "என் கார்ல என் கீபோர்டு இருக்கும்மா. வேணும்னா எடுத்துத் தரேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா தப்பா எடுத்துக்குவாரு."

அதற்குள் மணமக்கள் வந்துவிட்டார்கள். இராஜசிங்கத்துக்கு வேறு வழியில்லை. மேடையேறினார். பழகிய கை பழகிய பொத்தானைத் தட்டியது. பைலாத் தாளம் மண்டபத்தில் இறங்கியது.

முதல் பாட்டில் அவர் தடுமாறினார். யோகத்தின் குரல் நுழைய வேண்டிய இடத்தில் வெறும் தாளம் ஓடியது. அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "அந்த நீலச் சேல அக்கா, அடுத்த வரி உங்களுக்குத் தெரியும்தானே? பாடுங்க!" என்றார். அக்கா வெட்கப்பட்டுப் பாடினார். அவர் சுருதி பிசகியதும் இராஜசிங்கத்தின் வலக்கை அவரைத் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தது. மண்டபம் சிரித்தது. ஈசூனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமாக்கள் மேசையை விட்டு எழுந்து ஆடினார்கள். அவர்கள் களைத்தபோது அவர் வேகத்தைக் குறைத்தார். கும்மிக்கு மாறி மறுபடி ஏற்றினார். வினுஷா தனியாகப் பாடினாள்.

அஃப்னா ஆடவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறைக்கு அப்பாவையும் மகளையும் அழைத்துச் சென்று கதவைச் சாத்தினாள்.

"அங்கிள், அந்தப் பைலா எங்கேருந்து வந்துச்சு?"

"என்னம்மா?"

"உங்க ரிதம் எல்லாம் பென் டிரைவோட போச்சுன்னு சொன்னீங்க. ஆனா பைலா வாசிச்சீங்க. கும்மியும் வாசிச்சீங்க."

இராஜசிங்கம் தன் விரல்களைப் பார்த்தார். பொத்தானைத் தட்டியதும் தாளம் வந்திருந்தது. கூட்டத்தைச் சமாளிக்கும் அவசரத்தில் அதற்குமேல் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"எடுக்கிறதுக்கு முன்னாடி யாரோ தாளத்தயெல்லாம் கீபோர்டுக்குள்ள ஏத்தியிருக்காங்க. கேசவன் பாத்த லைட்டு அதுதான். ஏறிட்டு இருந்துச்சு. உங்கள அவமானப்படுத்த நினைக்கிற ஆளு அதச் செய்ய மாட்டான். கச்சேரி நடக்கணும், ஆனா அந்தக் குரல் மட்டும் வரக்கூடாதுன்னு ஒருத்தங்க நினைச்சிருக்காங்க." அஃப்னா திரும்பினாள். "எல்லாம் போச்சுன்னு அப்பா சொன்ன அடுத்த நிமிஷமே, பைலாவுல ஆரம்பிங்கன்னு சொன்னது நீங்கதான், வினுஷா. அது உள்ள இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வினுஷா கைப்பையைத் திறந்தாள். பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

"கேட்டிருக்கலாமே," என்றார் இராஜசிங்கம். அவர் குரலில் கோபம் இருந்தது.

"கேட்டேன்ப்பா. ஒவ்வொரு தடவையும் அடுத்த கச்சேரியோட நிறுத்திடலாம்னு சொன்னீங்க. வாரா வாரம் யாரோ ஒருத்தர் கல்யாணத்துல அம்மா பாடுறாங்க. எல்லாரும் கைதட்டுறாங்க. பாட்டு முடிஞ்சதும் நான் மறுபடி அவங்கள இழக்கிறேன். நீங்க கீபோர்டு ஸ்கிரீன விட்டுக் கண்ண எடுக்கிறதே இல்ல. நான் பக்கத்துல நிக்கிறதாவது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். வெளியே யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இது போலீஸ் வேலை இல்லை. அஃப்னா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

இராஜசிங்கம் கையை விரித்து, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேடையேறிக் கீபோர்டின் முன் அமர்ந்தார். வாசிக்கத் தொடங்காமல், மைக் முன் வந்து நின்ற மகளைப் பார்த்தார்.

"உனக்கு எது சுருதி?"

"அம்மாவோட சுருதியிலதானேப்பா எப்பவும்..."

"அது அவளோடது. உன்னோடது எது?"

வினுஷாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சுருதியை ஒரு படி இறக்கினார். "பாடு, பாக்கலாம்," என்றார். பாடினாள். இன்னொரு படி இறக்கினார். கூட்டம் காத்திருந்தது.