பெயின்ட் டப்பாவில் அடங்கிய பேச்சு

மாலை 5.40. கோட்டைப்பட்டினத்தில், தன் வீட்டு மாடி அறையில் ஜைனுதீன், தான் பேசும் ஒயர்லெஸ் ரேடியோ முன்னால் கவிழ்ந்து கிடந்தார். சட்டையெல்லாம் வாந்தி.

6.10. இன்ஸ்பெக்டர் பிளெஸ்ஸி அந்த அறையைப் பார்த்தார். ஏரியல் ஒயர் கழன்று சுவரோரம் கிடந்தது. ரேடியோவிலிருந்து வேறொரு ஒயர் பெயின்ட் டப்பா ஒன்றுக்குள் போனது. டப்பா நிறைய எண்ணெய். தொட்டால் இன்னும் சூடு. முந்தின நாள்தான் ஜைனுதீன் அவருக்குப் போன் செய்திருந்தார். "கடத்தல் படகுக்கு ஒருத்தன் ரேடியோவுல வழி சொல்றான் மேடம். ஆளைத் தெரியும். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன்."

பாவி மனுஷன், கேட்காமலே வந்திருக்கலாம்.

6.40. ஆஸ்பத்திரி. டப்பாவின் போட்டோவைக் கண்டதும் மனைவி சம்சுன் நிஹார் மகள் பக்கம் கையை நீட்டினாள். "இவதாங்க அத்தாவோட சேந்து இதைக் கட்டுனா. அந்தப் புகைதான் அவரைச் சாச்சுருச்சு."

பாலிடெக்னிக்கில் படிக்கும் சாமியாவுக்கு அழக்கூட வரவில்லை.

"அது டம்மி லோடுங்க மேடம். ரேடியோவைச் சோதிக்கையில ஏரியலுக்குப் பதிலா இதை மாட்டுவோம். உள்ள இருபது ரெசிஸ்டர் எண்ணெயில முங்கிக் கெடக்கும். ரேடியோ அனுப்புறதை வாங்கிச் சூடாயிரும். மத்தவங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

டாக்டர் பழனிச்சாமி வெளியே வந்தார். "புகை இல்லைங்க, விஷம். நாடி முப்பத்தெட்டு. என்ன விஷம்னு தெரியாம கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க."

"வீட்ல யாரு இருந்தீங்க?" என்றார் பிளெஸ்ஸி.

"நான் மட்டும்தான். கீழ இருந்தேன். மாடிக்கு வெளிப்பக்கமும் படி இருக்கு," என்றாள் சாமியா.

"கடைசியா என்ன சொன்னார்?"

"'தலை கிர்ருங்குது, சாமியா, மோர் கொண்டா'ன்னாரு. நான் கொண்டுபோறதுக்குள்ள..."

சம்சுன் நிஹார் மகளைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இருந்தது.

7.05. கீரமங்கலத்திலிருந்து நாகராசு ஓடி வந்தான். அவனும் ரேடியோக்காரன், ஜைனுதீனுக்குப் பத்து வருஷ சிநேகிதன். நலம் விசாரிக்க வந்தவன், யாரும் விசாரிக்காமலே சொல்ல ஆரம்பித்தான்.

"வீட்ல ரேடியோ முன்னாடி இருந்தேங்க. அவரு குரல் கேட்டுச்சு. 'தலை கிர்ருங்குது, சாமியா, மோர் கொண்டா'ன்னாரு. அப்பறம் பேச்சே இல்ல. ஒடனே வண்டியை எடுத்துட்டேன்."

"அண்ணனுக்கு இருக்க அக்கறையைப் பாருங்க," என்று விசும்பினாள் சம்சுன் நிஹார்.

பிளெஸ்ஸி சாமியாவிடம் திரும்பினார். "டப்பாவுல மாட்டிப் பேசுனா எம்புட்டு தூரம் கேக்கும்?"

"அடுத்த தெருவுக்கே கேக்காதுங்க. பேச்சு பூராவும் டப்பாவுக்குள்ளயே..." சாமியா பாதியில் நிறுத்திவிட்டு நாகராசுவைப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் பிளெஸ்ஸி. "அவர் குரல் கீரமங்கலத்துக்கு வரல, நாகராசு. மாடிப்படி வரைக்கும்தான் வந்துச்சு. கடத்தல் படகுக்கு வழி சொன்னது நீங்கதானான்னு ஒங்ககிட்டயே கேட்டார். எதையோ குடிக்கக் கொடுத்தீங்க. போற மாதிரிப் போயி படியில நின்னீங்க. அதுக்கப்பறம்தான் அவர் ரேடியோவைச் சோதிக்க ஒயரை டப்பாவுல மாத்தி மாட்டியிருக்கார். ரேடியோ முன்னாடி பேசுனது ஊரெல்லாம் கேட்டிருக்கும்னு நெனச்சுட்டீங்க."

வாசல் பக்கம் நகர்ந்த நாகராசுவைப் பிளெஸ்ஸி குறுக்கே வந்து மறித்தார்.

"இப்ப வரைக்கும் கொலை முயற்சி. அவர் போயிட்டா கொலை. என்ன கொடுத்தீங்க?"

நாகராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே நர்ஸ்கள் ஓடும் சத்தம் கேட்டது. சம்சுன் நிஹார் தடாலென்று அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் கேஸே கொடுக்கல. நீங்க எங்கிட்டாச்சும் போயிக்கங்க. பேரை மட்டும் சொல்லுங்கண்ணே."

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "அரளி விதை. சுக்குக் காப்பில."

சொல்லி முடிப்பதற்குள் சாமியா டாக்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

7.50. பிழைத்துவிடுவார் என்று பழனிச்சாமி சொல்லவில்லை. "நாடி கொஞ்சம் ஏறுது. இனிமே என்ன செய்யணும்னு தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

சம்சுன் நிஹார் மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். சாமியா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அத்தா கண்ணு முழிக்கட்டும்மா," என்றாள். "அப்பறம் பேசுறேன்."