ஹெஸ்காட் வீட்டு மூக்கு

விடிந்தும் விடியாத வேளையில் டோர்கஸ் பின்கட்டுக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அப்போதும் திறக்கவில்லை.

"பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

நாத்தனார் லெட்டிஸ் அடுப்போரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடுப்பு, கலையாத கொண்டை, நெஞ்சில் மதுவிலக்குச் சங்கத்தின் வெள்ளை நாடா. ஐம்பது வயதில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

"அண்ணி... அஞ்சே நிமிஷம். வழி விடுங்க."

"ஆறு வருஷமா அஞ்சே நிமிஷம்தான். நீ திரும்பி வந்து மாடிப்படி ஏறினா, கதவைச் சாத்தியிருந்தாலும் என் அறைக்குள்ள பீர் நாத்தம் வருது. இன்னிக்கு ஒருநாள் வெறும் வயித்தோட இரு. எட்டு மணிக்கு வண்டி வருது."

"எந்த வண்டி?"

"கடலோரத்துல ஒரு இல்லம் இருக்கு. உன்னை மாதிரிப் பொம்பளைங்களை வெச்சுத் திருத்துறாங்க. ஒரு வருஷம். அப்பா கையெழுத்துப் போட்டாச்சு."

ஊரையே குடிக்க வைக்கிற குடும்பத்துக்கு, தன் மருமகள் குடிப்பதுதான் மானக்கேடு. ஊர் மட்டும் என்ன ஒழுங்கு? சனிக்கிழமை ஹெஸ்காட் பீரைக் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் படுத்திருந்த நாங்களேதான், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் டோர்கஸைப் பார்த்து உச்சுக் கொட்டினோம்.

விஷயம் வேறு. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் எஸ்ரா ஹெஸ்காட் ஒரு தள்ளுவண்டியும் இரண்டு மூட்டை பார்லியுமாக இந்தச் சந்தையூருக்கு வந்து பீர் ஆலை போட்டார். சாகும்போது உயிலில் ஒரு வரி எழுதிவைத்தார். ருசி பார்க்கும் அறையின் நாற்காலியில் என் ரத்தத்தில் வாசனையறியும் மூக்குள்ள வாரிசுதான் உட்கார வேண்டும். அப்படி ஒரு வாரிசு இல்லையென்றால் ஆலையை விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று. பெரிய நகரத்து ஆலை ஒன்று வாங்கி மூடுவதற்குக் காத்திருந்தது. மூடினால் அறுபது குடும்பம் தெருவில்.

அந்த நாற்காலியில் இப்போது இருப்பவன் டோர்கஸின் கணவன் ஆம்ப்ரோஸ். யுத்தம் முடிந்த வருஷம் வந்த விஷக்காய்ச்சல் அவனை உயிரோடு விட்டது, மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து, ஆட்கள் வருவதற்கு முன்னால், டோர்கஸ்தான் ஆறு தொட்டியிலும் ஒவ்வொரு வாய் பார்த்து அவன் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். துப்பிவிடலாமே என்றால், முடியாது. பீரின் கசப்பு தொண்டையில் இறங்கினால்தான் தெரியும். ஆறு வாய் இறங்கினால் மூச்சு மணக்காமல் என்ன செய்யும்?

காலை உணவு மேஜையில் ஓட்ஸ் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எண்பதை நெருங்கும் மாமனார் ஜோசையா ரொட்டியில் வெண்ணெய் தடவினார். தடவியதன் மேலேயே மறுபடி தடவினார். டோர்கஸின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"அக்கா, இது அநியாயம்," என்று ஆம்ப்ரோஸ் எழுந்தான். "இவ எதுக்குக் குடிக்கிறான்னு..."

மேஜைக்கு அடியில் டோர்கஸ் அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"நான் போறேன் மாமா. ஒரு வருஷம்தானே... கடல் காத்து உடம்புக்கு நல்லதும்பாங்க."

"பாத்தீங்களா அப்பா? மறுக்கக்கூட மாட்டேங்கிறா," என்றாள் லெட்டிஸ். "எங்கம்மாவும் இப்படித்தான். ஒரு வார்த்தை மறுத்ததில்லை. அந்த நாத்தத்தோடயே வந்து எனக்குத் தலைவாரி விடுவா. இன்னொரு தடவை இந்த வீட்ல அதை நான் பாக்க மாட்டேன்."

மாடியில் பெட்டியைக் கட்டும்போது ஆம்ப்ரோஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடறேன் டோர்கஸ். ஆலை போனாப் போகட்டும்."

"அறுபது வீட்டு அடுப்பை அணைச்சுட்டு எனக்கு நல்ல பேரு வேணாம்ங்க. நான் சொல்றதைக் கேளுங்க. மோந்து பாக்கிற மாதிரி பாருங்க, ஆனா மேஸ்திரி நோக்ஸ் மூஞ்சியைப் பாருங்க. சரக்கு கெட்டிருந்தா அவரோட இடது புருவம் ஏறும். ஆறு வருஷமா பாத்திருக்கேன்."

"புருவத்தை நம்பியா ஆலை?"

"இத்தனை நாள் பொண்டாட்டியை நம்பித்தானே நடந்துது? புருவத்துக்கு என்ன குறைச்சல்?"

அன்று சந்தை நாள். பதினோரு மதுக்கடைகளுக்குப் போகவேண்டிய வண்டிகள் முற்றத்தில் நின்றன. அவற்றுக்கு நடுவே டோர்கஸை ஏற்றிப்போகும் வண்டியும் நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். லெட்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றாள். ஜோசையா ருசி அறை வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றார்.

உள்ளே ஆம்ப்ரோஸுக்கு முன்னால் ஆறு கிளாஸ்கள். அவன் நோக்ஸின் முகத்தைப் பார்த்தான். வாய்வரை மப்ளர் சுற்றியிருந்தது. மூக்கு தக்காளி.

"மன்னிக்கணும் சின்ன முதலாளி. நாலு நாளா ஜலதோஷம். நாலாவது தொட்டி மேல ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா எனக்கு இன்னிக்கு எதுவும் தெரியலை. நீங்க சொன்னா ஏத்திடலாம்."

ஆம்ப்ரோஸ் முகர்ந்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். ஜன்னல் வழியே டோர்கஸ் வண்டிப் படியில் கால் வைப்பது தெரிந்தது. சட்டென்று எழுந்து, கிளாஸ்கள் இருந்த தட்டோடு முற்றத்துக்கு வந்தான்.

"டோர்கஸ், இறங்கு. நீ சொல்லு."

"கிளம்புற நேரத்துல ஊத்திக் குடுக்கிறியா? வெக்கமா இல்ல?" லெட்டிஸ் குறுக்கே வந்தாள்.

"இருக்குக்கா. ஆறு வருஷமா இருக்கு. எனக்கு மூக்கு இல்லை. ரோஜாவும் ஒண்ணுதான், குதிரைச் சாணியும் ஒண்ணுதான். இந்த ஊர் குடிச்ச ஒவ்வொரு பீப்பாயும் இவ பாத்துச் சொன்னது. இவ குடிகாரி இல்லை. நான்தான் கையாலாகாதவன்."

டோர்கஸ் இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், ஒன்றொன்றாக ஒரு வாய் பார்த்தாள்.

"நாலாவதைக் கொட்டிடுங்க. மத்ததை ஏத்துங்க." பிறகு மாமனாரிடம் திரும்பினாள். "இனிமே ஆலையை வித்துடுவீங்க, இல்லையா மாமா?"

கிழவர் முற்றத்தில் கிடந்த காலிப் பீப்பாயின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. தினமும் விடியக்காலை நீ இந்த முற்றத்தைத் தாண்டிப் போறதை ஜன்னல்லேருந்து பாப்பேன். அந்த நடையை நான் முன்னாடியே பாத்திருக்கேன்." மகளைப் பார்த்தார். "லெட்டி, என்னைக் குதிரை உதைச்சது ஞாபகம் இருக்கா? உனக்குப் பதினோரு வயசு. விலா எலும்புன்னு ஊருக்குச் சொன்னேன். தலையில உதைச்சது. அன்னிக்கே என் மூக்கு போச்சு."

லெட்டிஸின் உதடு வெளுத்தது. "அப்போ... அம்மா?"

"ஒன்பது வருஷம் எனக்காக ருசி பாத்தா. தாகத்துக்குன்னு ஒரு கிளாஸ் குடிச்சதில்லை அவ. அவ போனதும் நாற்காலியை உன் தம்பிக்குக் கொடுத்தேன். ஊரே பெருந்தன்மைன்னு மெச்சிச்சு."

"அவளைப் புதைச்சப்போ நான் ஒரு பிடி மண்ணு போடலைப்பா. குடிகாரிக்கு நான் மகளான்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். முப்பது வருஷமா ஒரு பூ வெச்சதில்லை... நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"முதல்ல ஆலை போயிடும்னு பயம். அப்புறம் உன் முகத்துல முழிக்க பயம். கோழைக்குக் காரணமா கிடைக்காது? நேத்து ராத்திரி அந்தக் காகிதத்துல கையெழுத்தும் போட்டேன் பாரு."

லெட்டிஸ் அழவில்லை. தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள். வாழ்நாளில் பீரைத் தொடாத கை அது. அம்மா தினமும் விழுங்கியது எப்படி இருக்கும் என்று பார்க்கவோ என்னவோ, மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள்.

"இதுல வறுத்த கொட்டை வாசனை. அந்தக் கடைசி கிளாஸ்ல மட்டும் ஏன் சோப்பு வாசனை வருது?"

டோர்கஸ் கடைசிக் கிளாஸை மறுபடி முகர்ந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடி இன்னொரு முறை இழுத்தபோது, அடியில், நூல்போல, இருந்தது.

நோக்ஸ் மப்ளரை இறக்கினார். "ஆறாவது தொட்டி... கழுவிட்டு ஒருதரம் குறைச்சலாத்தான் அலசினேன், முதலாளி. ஜலதோஷம் பாருங்க."

ஜோசையா பீப்பாயிலிருந்து பாதி எழுந்தார். ஆம்ப்ரோஸ்தான் முதலில் சிரித்தான். சிரிப்பு அழுகையாக முடிந்தது. "உயில்ல மூக்குள்ள வாரிசுன்னுதானே இருக்கு? ஆம்பளைன்னு இல்லையே. அக்கா, நாற்காலி உங்களுது. ஆலையை விக்க வேண்டியதில்லை."

"நான் சங்கத் தலைவிடா."

"மோந்து பாக்கக்கூடாதுன்னு சங்கத்துல சட்டம் இருக்கா?"

லெட்டிஸ் யோசித்தாள். "மோந்து பாப்பேன். ஒரு சொட்டு விழுங்க மாட்டேன். விழுங்கறது டோர்கஸ் வேலை..." அத்தனை நேரம் தாங்கிய குரல் அங்கே உடைந்தது. "நீ என்கூட உக்காருவியா, டோர்கஸ்? இத்தனை பேசினதுக்கு அப்புறமும்?"

"நீங்க அம்மாவை நினைச்சுத்தான் என்னைத் திட்டினீங்க அண்ணி," என்றாள் டோர்கஸ். "அது எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா நானும் கொஞ்சம் திருப்பித் திட்டியிருப்பேன், உங்களுக்கும் பாரம் குறைஞ்சிருக்கும்."

லெட்டிஸ் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இடையில் கிளாஸ் ஒன்று இருப்பதை இருவரும் மறந்தார்கள். அதிலிருந்த பீர் முழுவதும் கறுப்பு உடுப்பில் இறங்கியது.

"மாத்திட்டு வாங்க அண்ணி, சந்தைக் கூட்டம் பாக்கும்."

"பாக்கட்டும். எங்கம்மா இந்த வாசனையோடதான் இந்தத் தெருவுல நடந்தா."

கொட்டச் சொன்ன இரண்டு தொட்டியும் சாக்கடையில் ஓட, மற்ற நான்கின் பீப்பாய்கள் ஏற, இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டு வெளிவாசலைத் தாண்டினார்கள். சந்தையில் பூ விற்பவளிடம் லெட்டிஸ் இருந்த டெய்சி அத்தனையும் வாங்கினாள். பூக்காரி மூக்கை உறிஞ்சி, அவள் நாடாவைப் பார்த்து, வாயைப் பிளந்தாள்.

"ஆமாம், பீர்தான்," என்றாள் லெட்டிஸ். "எங்க வீட்டு பீர்." தலையை நிமிர்த்திக்கொண்டு, டோர்கஸின் கையை விடாமல், கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பினாள்.