குவில் துரை வீட்டுக் காற்று

மார்த்தா வின்டல் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். ஹெஸ்டர் கொடுத்த தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள்.

“நிதானமா சொல்லுங்கம்மா,” என்றார் சைலஸ் பென்ட்ரித். ஒரு காலத்தில் கடற்படையில் அறுவை வைத்தியர். இப்போது லண்டனின் சதர்க் பகுதியில் யாராவது சந்தேகத்துக்கு இடமாகச் செத்தால், மரண விசாரணை அதிகாரி அவருக்குத்தான் ஆளனுப்புவார். அன்று காலையில்கூட, பீர் ஆலைத் தொட்டிக்குள் குனிந்து விழுந்து செத்த ஒருவனைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். விதவையான தங்கை ஹெஸ்டர் அவரோடு இருந்தாள். கூப்பிடாத இடத்துக்கும் அண்ணனுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள்.

“ஸ்ட்ரெதம் ஊர்ல குவில் துரை வீட்டை நான்தான் பாத்துக்கறேன்யா. முந்தாநாள் மத்தியானம் எங்க வேலைக்காரன் ஜேபஸ் கீழறையில செத்துக் கிடந்தான். உடம்புல ஒரு கீறல் இல்ல. கால்மாட்டுல ஐயாவோட பூனையும் செத்துக் கிடந்துச்சு. ஐயா ஏதோ பிசாசுக் காத்து காய்ச்சறாரு, அதை ஜேபஸ் மேல ஏவிப் பாத்துட்டாருன்னு ஊரே பேசுது. வாசல்ல கூட்டம் கூடிருச்சு. கையில கல்லு வெச்சிருக்காங்க. கான்ஸ்டபிள் இன்னிக்கு ஐயாவைப் பிடிச்சுட்டுப் போகப்போறாராம்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

மார்த்தா கோப்பையைக் கீழே வைத்தாள். “எனக்குத் தெரியலையே! அதுதான்யா பயமா இருக்கு. இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டிருக்கேன். முகத்தைப் பார்த்ததில்ல. குரலைக் கேட்டதில்ல. என்ன வேணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிருவாரு. நான் வர்றது தெரிஞ்சா வேற படிக்கட்டுல ஓடிருவாரு. அப்படிப்பட்ட மனுஷன் கொலை பண்ணுவாரா, மாட்டாரான்னு நான் எதை வெச்சுச் சொல்ல?”

ஹெஸ்டர் அதற்குள் தொப்பியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி வாசலுக்கு வந்தபோது கூட்டம் வழிவிட மறுத்தது. யாரோ வண்டிக் கதவைக் குத்தினார்கள். “சூனியக்காரனுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டான்யா!” என்று ஒரு குரல் வந்தது. ஹெஸ்டர் அண்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடிப்பது அபூர்வம்.

உள்ளே கிரேக் என்பவர் அவர்களை எதிர்கொண்டார். குவில் துரையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். நேர்த்தியான உடை, மிருதுவான பேச்சு. கான்ஸ்டபிள் ஹாப்ஸ் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

கீழறை என்பது தரைக்குக் கீழே சில படிகள் இறங்கிப் போகும் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஒரு தாழ்ந்த கட்டில், தலைக்கு மேல் ஓர் உயரமான அலமாரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குவில் துரை தினமும் தூங்குவது இங்கேதான். எதிர்ப்பக்கம் ஒரு குறுகிய கதவு, அவருடைய தனிப் படிக்கட்டுக்கு.

“அன்னிக்கு ஐயா கண்ணாடிக் குழாய் வாங்க வெளியே போயிட்டாரு,” என்றாள் மார்த்தா. “ஜேபஸ் ஒரு சோம்பேறிப் பய. ஐயா கட்டில்ல கொஞ்சம் கண்ணசரலாம்னு படுத்திருப்பான்.”

“மெழுகுவர்த்தி யார் ஏத்தினது?”

“நான்தான். ஐயா வெளியே போனது அப்போ எனக்குத் தெரியாது. வழக்கம்போல ரெண்டு புது வர்த்தி. ஒண்ணு கட்டிலுக்குப் பக்கத்துல தரையில, ஒண்ணு அலமாரி மேல. ரெண்டையும் ஒண்ணாத்தான் ஏத்தினேன்.”

பென்ட்ரித் இரண்டு தாங்கிகளையும் எடுத்துப் அருகருகே வைத்தார். அலமாரியில் இருந்தது அடிவரை உருகி அணைந்திருந்தது. தரையில் இருந்தது ஏறக்குறைய முழுசாக நின்றது.

“ஜேபஸ் ஊதி அணைச்சிருப்பான்,” என்றாள் ஹெஸ்டர்.

“தூங்கப் போறவன் கண்ணுல குத்தற மேல் வர்த்தியை விட்டுட்டு, கீழ இருக்கறதை அணைப்பானா?”

கிரேக் படியில் நின்றபடி தொண்டையைச் செருமினார். “சொல்ல வருத்தமாத்தான் இருக்கு சார். ஆய்வுக்கூடத்துல துரை, தீ பட்டா வெடிக்கற எரிகாத்தைப் பையில அடைச்சு வெச்சிருக்காரு. அது கசிஞ்சு இங்க வந்து தேங்கியிருக்கும். பாவம், அவரு வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு. புத்தி கொஞ்சம் பிசகிப்போச்சு.”

பென்ட்ரித் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். சுவரின் அடியில் ஒரு பழைய குழாய் ஓட்டை இருந்தது. அதற்கு மறுபுறம் ஆய்வுக்கூடம்.

“ஆய்வுக்கூடச் சாவி யாருகிட்ட இருக்கு?”

“துரைகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு,” என்றார் கிரேக்.

அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு அண்ணனும் தங்கையும் ஆய்வுக்கூடத்துக்குள் போனார்கள். ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய ஜாடி நின்றது. அடியில் கரைந்தும் கரையாததுமாகச் சீமைச் சுண்ணாம்பு. பக்கத்துப் புட்டியில் புகையும் அமிலம். ஹெஸ்டர் எதையோ கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பயந்த மிருகத்தின் மூச்சைப் போல, விட்டுவிட்டு.

“அண்ணா,” என்றாள் குரலே எழாமல். “அந்த ஆளு அங்கதான் நிக்கறான்.”

பென்ட்ரித் கதவின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே பேசினார். “குவில் துரை, உங்களை யாரும் பாக்க மாட்டாங்க. கீழறைக்குப் போற உங்க கதவுக்குப் பின்னால நின்னு கேளுங்க. அது போதும்.”

மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு காலடிகள் விலகிப் போயின.

சற்று நேரத்தில் எல்லாரும் கீழறையில் கூடினார்கள். ஹாப்ஸ் சுவரோரமாகவும், மார்த்தா கட்டிலுக்குப் பக்கத்திலும் நின்றார்கள். கிரேக் நடுவில் நின்றார். பென்ட்ரித் தரையிலும் அலமாரியிலும் ஒவ்வொரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு படிக்கு மேலிருந்த அறைக்கதவைச் சாத்தினார். வெளியே கூட்டம் ஜன்னல் பலகைகளில் எறியும் கற்களின் சத்தம் மேலே மங்கலாகக் கேட்டது.

“கிரேக் சார், வர்ற வழியில மார்த்தாம்மாகிட்ட ஹெஸ்டர் ஒண்ணு கேள்விப்பட்டா. அடுத்த வாரம் அறிஞர் சங்கத்துல நீங்க காத்தைப் பத்திப் பேசப்போறீங்களாமே?”

“ஆமா. என்னோட சொந்த ஆராய்ச்சி.”

“அதே மாதிரி ஆராய்ச்சி உங்க துரை எப்பவோ செஞ்சு முடிச்சுட்டாருன்னு, அவரு எழுதி வெச்ச சீட்டுகளைப் பாத்து மார்த்தாம்மா சொல்றாங்க.”

“அது... சமையல்காரங்களுக்கு என்ன தெரியும்?”

அப்போது தரையில் இருந்த சுடர் குறுகியது. நீலமாகி ஒருமுறை நெளிந்தது. காற்று வீசவில்லை, மேலே இருந்த சுடர் அசையாமல் நின்றது. கிரேக் ஒன்றும் பேசவில்லை. மெதுவாகப் பின்னால் நகர்ந்து முதல் படியில் ஏறினார். இரண்டாவதிலும் ஏறினார். கீழ்ச்சுடர் அணைந்தது.

“ஐயையோ, வர்த்தி அணைஞ்சுபோச்சே,” என்றாள் மார்த்தா. இத்தனை வருடப் பழக்கம் அவளை விடவில்லை. சட்டென்று தரையில் மண்டியிட்டு, வர்த்தியின் மேல் குனிந்தாள்.

பென்ட்ரித் அவள் தோளைப் பிடிக்கப் பாய்ந்தார். அதற்குள் எதிர்க்கதவு படாரென்று திறந்தது.

“கு... குனியாதே! எழுந்திரு! மேல வா!”

கீச்சென்ற குரல். வெளுத்துப்போன ஊதாக் கோட்டு அணிந்த ஒல்லியான முதியவர் ஓடிவந்து மார்த்தாவின் கைகளைப் பற்றித் தூக்கி, அலமாரிப் பக்கமாக இழுத்து நிறுத்தினார். அவளுக்குத் தலை சுற்றியது.

“கதவைத் திற ஹெஸ்டர்,” என்றார் பென்ட்ரித். “ஹாப்ஸ், படியில நிக்கறவரைப் பிடிங்க.”

“எதுக்கு? நான் என்ன செஞ்சேன்?” என்றார் கிரேக்.

“செய்யாததுதான் காரணம். பீர் ஆலைத் தொட்டியில குனியறவனைக் கொல்ற அதே காத்து இது. சுண்ணாம்புல அமிலத்தை ஊத்தினா வரும். கனமானது. தரையிலேர்ந்து தண்ணி மாதிரி நிறையும். அதனாலதான் அன்னிக்குக் கீழ்வர்த்தி அணைஞ்சுது, மேல்வர்த்தி எரிஞ்சுது. படுத்திருந்தவனும் பூனையும் செத்தாங்க. எரிகாத்துன்னு சொன்னீங்க. எரிகாத்து மேலதான் போகும், அலமாரிச் சுடர்ல பட்டா வீடே அதிரும். ஊர்க்காரன் அப்படிச் சொன்னா அறியாமை. தினமும் அதுலயே கைவெச்சிருக்கற நீங்க சொன்னா பொய்.”

“எங்களை எதுக்கு இதுல வெச்சுப் பாத்தீங்க?” என்று ஹாப்ஸ் கோபமாகக் கேட்டார்.

“கொஞ்சமாத்தான் ஊத்தினேன். நிக்கறவங்களுக்கு ஆபத்தில்ல. அந்தம்மா குனிவாங்கன்னு நான் நினைக்கல, அது என் தப்பு.” அவர் குரல் தாழ்ந்தது. “சாவி இருக்கறது ரெண்டு பேருகிட்ட. ரெண்டு பேருக்கும் அந்தச் சுடர் அணைஞ்சா என்ன அர்த்தம்னு தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்காம தன் மூக்கை மட்டும் மேல தூக்கிக்கிட்டாரு. இன்னொருத்தர் உள்ள ஓடிவந்தாரு. ஜேபஸைக் கொல்லணும்னு உங்களுக்கு எண்ணம் இல்ல, கிரேக். அந்தக் கட்டில்ல வழக்கமாப் படுக்கறது யாரு?”

கிரேக்கின் மிருதுவான குரல் உடைந்தது. “எல்லாத்தையும் கண்டுபிடிச்சு மேஜைக்குள்ள போட்டுப் பூட்டிக்கிட்டாரு! ஒருத்தருக்கும் சொல்லல. பேரு வேணாம், புகழ் வேணாம். அப்போ அது யாருக்கு? நான் சங்கத்துல பேசினப்புறம் அவரு ஒரு வார்த்தை சொன்னா என் வாழ்க்கை முடிஞ்சுது!”

குவில் துரை கிரேக்கைப் பார்க்கவில்லை. அணைந்த வர்த்தியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கேட்டிருந்தா... கு... குடுத்திருப்பேனே, கிரேக்.”

ஹாப்ஸ் கிரேக்கை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பதை அப்போதுதான் குவில் துரை உணர்ந்தார். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். ஆனால் தன் படிக்கட்டுக்கு ஓடவில்லை. “காத்து... வெளியேறணும்,” என்று முணுமுணுத்தபடி கூடத்துக்கு ஏறிப்போய், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். வாசலை ஒட்டிய கடைசி ஜன்னலையும் திறந்தார்.

கூட்டம் இரைச்சலை நிறுத்தியது. முன்னால் நின்ற மீன்காரி எட்டிப் பார்த்தாள்.

“யாருடி அந்தக் கிழவரு?”

“அவருதான் எங்க ஐயா,” என்றாள் வாசற்படிக்கு வந்திருந்த மார்த்தா.

“இவரா? இவருக்கே கையும் காலும் உதறுதே!”

“பின்ன, நீங்க இத்தனை பேரு கல்லோட நின்னா?” மார்த்தா படியிறங்கி ஜன்னலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றாள். “கொன்னவனைக் கான்ஸ்டபிள் பிடிச்சுட்டாரு. ஐயாவைப் பாத்தது போதும். போங்க, எல்லாரும் போங்க.”

அவளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்தே இருந்தது. அதை மூடும் சத்தம் கேட்கவில்லை.