கன்னத்தில் ஒரு பள்ளம்

செவ்வாய்க் கிரகத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு மலை செலவாகும். வென்றவரின் முகத்தை அதில் செதுக்கியாக வேண்டும் என்பது சட்டம். ஊருக்கு அருகே இருந்த நல்ல மலைகளெல்லாம் தீர்ந்துபோய், ஆளுநர் தணிகாசலத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் கிடைத்தது. அந்தக் கோபத்தை அவர் சிற்பி மதுரவல்லியிடம் காட்டினார்.

அவள் வேலை, ஒரு முழ உயரத்துக்குக் களிமண்ணில் மாதிரி செய்வது. மலையை வெட்டுபவை குடைவிகள். அந்த இயந்திரங்கள் மாதிரியின்மேல் ஒளியைப் பாய்ச்சும். அது திரும்பி வரும் விதத்தை வைத்து மேடுபள்ளம் அறிந்து, ஆயிரம் மடங்காக வெட்டும். யோசிக்கத் தெரியாது. மலையில் பிசகினால் சிற்பிக்குக் கந்தகச் சுரங்கம், ஆயுளுக்கும்.

மாதிரியையோ ஆளுநரின் விழாக் குழு விட்டபாடில்லை. மூக்கைக் குறை என்றார்கள். தாடையை இழு என்றார்கள். வழுக்கையில் முடி நடச் சொன்னார்கள்.

"இது இன்னும் ஐயாதானா?" என்று மதுரவல்லி எரிச்சலாகக் கேட்டாள்.

"ஐயா இப்படித்தாம்மா இருக்கணும்," என்றார் செயலர் புண்ணியகோடி.

கடைசியில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதுதான் வினை. இவ்வளவு அழகுக்குக் கண் பட்டுவிடும் என்று பயந்த புண்ணியகோடி, மாதிரியின் இடது கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குடைவிகளுக்கு அனுப்பிவிட்டார். கருமை ஒளியை விழுங்கியது. ஒளி திரும்பாத இடமெல்லாம் குடைவிகளுக்குப் படுபள்ளம்.

திறப்பு விழாவில் திரை விழுந்தது. ஆளுநரின் கன்னத்தில் ஒரு கல்யாண மண்டபமே கொள்ளும் குழி!

மதுரவல்லி ஆளுநரிடம் ஓடினாள். "ஐயா, பிசகிருச்சு. அந்தப் பொட்டு நான் வெச்சதில்லைங்க..."

அதற்குள் முன்வரிசையில் எவரோ, "கன்னக்குழி அழகர் வாழ்க!" என்று கத்த, கூட்டம் பிடித்துக்கொண்டது. ஆளுநர் தம் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. முகம் சுருங்கியது.

"யாரும்மா பிசகுன்னது? மலை சரியாத்தான் இருக்கு. என் கன்னந்தான் தப்பு. டாக்டரைக் கூப்பிடுங்கய்யா!"

மதுரவல்லி சுரங்கத்திலிருந்து தப்பினாள். பதிலுக்கு, மருத்துவமனையில் கன்னங்களுக்கு அளவு குறித்துக் கொடுக்கும் உத்தியோகம். ஆளுநருக்குக் குழி விழுந்த மறுவாரமே மந்திரிகள், அதிகாரிகள், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் என்று வாசல்வரை வரிசை. முதல் ஆளாகப் புண்ணியகோடி நாற்காலியில் சாய்ந்து இடது கன்னத்தைக் காட்டினார்.

மதுரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு அளவுகோலை எடுத்தாள். "எவ்வளவு ஆழம் வேணும்?"

"ஐயாவைவிடக் கொஞ்சம் கம்மியாப் போடுங்கம்மா," என்றார் அவர் பதறி. "அவருக்கு மேல ஆழமாப் போயிட்டா மரியாதையா இருக்காது, பாருங்க."